குடைக்குப் போன படகு ஓட்டுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் குப்பத்து முனையில் பஸ்ஸை விட்டு ஒரு பெரியவர் இறங்கினார். ஒரு கையில் கறுப்புக் குடை. மறு கையில் ஒரு பை கமலா ஆரஞ்சு. அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்தார்.

அவரைப் பார்த்ததும் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஊசியை மணலில் குத்திவிட்டு எழுந்து போனார்கள். பிள்ளைகளே, உங்கள் தாய்மாமன் சவரிமுத்து ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் ஆறடி ஆள். கட்டுமரம் இரண்டடி உயரம்.

ஒளியத் தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான். அவர் நேரே என்னிடம் வந்தார்.

"நன்றி சொல்ல வந்தேன்" என்றார். "இந்தத் தொகுதி முழுக்க எனக்கு விழுந்த வாக்குகளில் முக்கால்வாசி உங்கள் சாவடியில் விழுந்தவை. என் சொந்தத் தெருவில்கூட எனக்கு இப்படி விழவில்லை."

அந்த ஓட்டுகள் எதுவும் அவருக்குப் போட்டவை அல்ல. அது குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. அவை அவருக்குப் போனதற்குக் காரணம் நான். இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

கடலும் வீடும்

சென்னையில் பல்கலைக்கழகம் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது. நாங்கள் வடக்கே இருந்தோம். இரண்டு பக்கமும் ஒரே கடல்தான். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியபிறகு தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்குப் பக்கம் மணல் போனது. அந்தப் பக்கத்து மக்கள் மாலையில் காற்று வாங்க வருவார்கள். எங்கள் பக்கம் கடலே வீட்டுக்கு வரும்.

கல்யாணமாகி நான் உங்கள் அம்மா வீட்டுக்குக் குடிவந்தபோது எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. இடைத்தேர்தல் வந்தபோது நாங்கள்தான் முதல் வரிசை. நாங்கள் வீடு மாறவில்லை.

சமையலறைச் சுவருக்கும் அலை வந்து தொடுகிற இடத்துக்கும் அப்போது நாற்பதடி. அம்மா வயிற்றில் உங்கள் அக்கா. கரையில் பெரிய கல்லாகக் கொட்டினால் வீடு நிற்கும். கொட்டாவிட்டால் எத்தனை மாதம் என்று கணக்குப் போடலாம். நாங்கள் போடவில்லை.

அப்போது எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் காலமானார். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு கார்கூட எங்கள் குப்பத்துக்கு வந்ததில்லை. இறந்த மறுமாதம் ஒரே நாளில் ஐந்து வந்தன. எல்லாக் கட்சிக்காரர்களும் கல் கொட்டுவதாகச் சொன்னார்கள். ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோதே அலை வந்து அவருடைய பேட்டரிப் பெட்டியை நனைத்துவிட்டது. அவர் பேச்சை முடிக்காமல் போனார்.

பிறகுதான் குப்பத்தில் கூடி, நம் ஆள் ஒருவரையே நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். சவரிமுத்து மச்சான் ஒத்துக்கொண்டார்.

"ஜெயிக்க மாட்டியே, அப்பால எதுக்கு மச்சான்?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கிறதுக்கு யார்ரா நிக்கிறது? நாம எத்தினி பேர் கீறோம்னு அவனுங்களே எண்ணிப் பாக்கட்டும். எண்ணிட்டான்னா அடுத்த தபா சொம்மா வர மாட்டான், கல்லோட வருவான்."

சுயேச்சைக்குக் கொடுக்கிற சின்னங்களில் அவருக்குப் படகு கிடைத்தது. அன்றைக்குக் குப்பத்தில் வெடி வெடித்தார்கள். மீனவனுக்குப் படகு கிடைத்துவிட்டது, இனி என்ன வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

பெருக்கல் மாப்ள

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காசிமேட்டில் தனியார் படகுப் பட்டறை ஒன்றில் நான் பெயின்டர். படகுக்குப் பெயர் எழுதுவேன், நம்பர் எழுதுவேன், கேட்டால் முகப்பில் மாதா படமோ அம்மன் படமோ வரைவேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் எழுத்து அழகாக வரும்.

ஒரு புயலுக்குப் பிறகு, சேதமான படகுகளைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவர் பார்த்துக் கழித்துவிட்ட படகுகளின் மேல் அடையாளம் போட ஓர் ஆள் வேண்டும் என்று பட்டறையில் கேட்டார். என்னை அனுப்பினார்கள். தார் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கரை நெடுக அவர் பின்னால் போனேன். அவர் தலையை ஆட்டினால் படகின் விலாவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்த படகு அதன் பிறகு கடலுக்குப் போகாது. உடைத்து விறகாக விற்றுவிடுவார்கள். அதில் ஏறி யாரும் உட்காரக்கூட மாட்டார்கள்.

உங்கள் தாத்தாவின் படகுக்கும் நான்தான் போட்டேன். அதன் பிறகுதான் அவரிடம் பெண் கேட்டுப் போனேன். முன்பே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலர் சொன்னார்கள். அவர் பெண்ணைக் கொடுத்தார். ஆனால் கல்யாணத்தன்று யாரோ வைத்த 'பெருக்கல் மாப்ள' என்ற பெயரை அந்தக் குப்பம் கடைசிவரை விடவில்லை.

ஓட்டு வகுப்பு

முன்பெல்லாம் தேர்தலில் சின்னத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். பிறகு ஒரே சீட்டில் எல்லாச் சின்னத்தையும் அச்சடித்து, வேண்டிய சின்னத்தில் முத்திரை குத்துகிற முறை வந்தது. அந்த முத்திரையும் பெருக்கல் குறி மாதிரிதான் இருக்கும்.

குப்பத்தில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள். நான் ஒரு பலகையில் வாக்குச்சீட்டு மாதிரி கட்டம் போட்டு, நடுக் கட்டத்தில் படகை வரைந்தேன். படகை மட்டும் வரைந்து நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அதே கட்டத்துக்குள், படகுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு நீலத்தில் கடலும் வரைந்தேன். அலைக்கு வெள்ளை தீட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பழைய செருப்பின் ரப்பரில் ஒரு முத்திரையும் செதுக்கினேன்.

முதலில் மீன்காரக் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். அவள் முத்திரையை வாங்கினாள். படகைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"இன்னா மாப்ள, உன் மாமனாரு படகுக்குப் போட்ட. பத்தலியா? இப்போ சவுரி படகுக்கும் போடச் சொல்றியா?"

"இது ஓட்டுக்கா. இது நல்ல குறி."

"குறி ஒண்ணுதானே. என் புள்ள நாளிக்குக் கடலுக்குப் போறான். படகு மேல அத்த வச்சிட்டு நான் எந்த மூஞ்ச வச்சிகினு வூட்டுக்குப் போறது?"

அதன் பிறகு முத்திரையை வாங்க யாரும் கை நீட்டவில்லை. சவரிமுத்து மச்சானே மெல்லச் சொன்னார்: "அவ சொல்றதுல நாயம் கீது மாப்ள."

எனக்குத் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்த தாள் நினைவுக்கு வந்தது. வேட்பாளருடைய கட்டத்துக்குள் எங்கே முத்திரை விழுந்தாலும் செல்லும் என்று அதில் இருந்தது. அதை நம்பிச் சொன்னேன்: "படகு மேல வேணாம். கொஞ்சம் கீழ, தண்ணியில போடுங்க."

எல்லாருக்கும் நிம்மதி. வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு குறி என் கடலில் வைத்தார்கள். ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. அன்று மாலைக்குள் நீலம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அவ்வளவு ஒழுங்கான வகுப்பை நான் படித்த பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை.

சீட்டில் தண்ணீர் இல்லை

தேர்தலன்று நான் மச்சானுக்குச் சாவடி ஏஜென்ட். என் ஓட்டு பழைய வாடகை வீட்டு முகவரியில், வேறு சாவடியில் இருந்தது. எழுந்து போக முடியாததால் அதை நான் போடவில்லை. ஆகவே உண்மையான சீட்டை நான் கண்ணால் பார்க்கவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மறைப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த கன்னியம்மா என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "தண்ணி ரொம்பக் கம்மியா கீது மாப்ள."

சாவடி அதிகாரி நல்ல மனிதர். உடனே ஆள் அனுப்பிக் குடிதண்ணீர்ப் பானையை நிரப்பச் சொன்னார். எனக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

ஓட்டு எண்ணுகிற கூடத்தில்தான் சீட்டைப் பார்த்தேன். வேட்பாளர்கள் அதிகம். அதனால் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெருவிரல் அகலம். படகு தன் கட்டத்தின் அடிக்கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே கடல் இல்லை. அடுத்த வேட்பாளரின் குடை இருந்தது.

எங்கள் சாவடிப் பெட்டியைப் பிரித்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் படகுக்கு நேர் கீழே, கோணாமல், பதறாமல் வைத்த முத்திரை. அதிகாரி வாசித்துக்கொண்டே போனார்: "குடை. குடை. குடை." கோட்டின் மேல் விழுந்த சிலவற்றைச் செல்லாது என்று ஒதுக்கினார். படகு என்று அபூர்வமாகத்தான் சொன்னார். அதில் ஒன்று உங்கள் அம்மாவுடையது. "எனக்கென்ன பயம், நான் மேலதான் வச்சேன். கன்னியம்மாக்கா காதுல வுழாம பாத்துக்கோ" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

நான் எழுந்தேன். "சார், அது தண்ணி."

"எது?"

"படகுக்குக் கீழ கீறது."

அவர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதில் தண்ணீர் இல்லையே" என்றார். அடுத்த சீட்டை எடுத்தார்.

சுவரோரம் ஒரு பெரியவர் பிளாஸ்க்குடன் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர்தான் குடை வேட்பாளர், பேராசிரியர் சாரங்கபாணி. கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வார்டுக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பதற்காகத் தேர்தலில் நின்றார். ராயபுரத்தில் ஒரு தெருமுனையில் அவர் பேசியபோது நானும் அந்த வழியாகப் போனேன். கேட்டவர்கள் ஏழு பேர். அதில் இருவர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

"குடை" என்ற சத்தம் நிற்காமல் வரவர அவர் மெல்ல எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

ஜெயித்தது ஒரு பெரிய கட்சி. அவர்கள் கார் அதன் பிறகு வரவில்லை. எங்கள் குப்பத்துக்குத் தனி ஓட்டு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை.

ஆரஞ்சு

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை குடையும் ஆரஞ்சுமாக வந்து நின்றவர் அவர்தான்.

அவருக்கு ஒரு முக்காலி போட்டோம். எல்லாருக்கும் ஆளுக்கொரு பழம் கொடுத்தார். சவரிமுத்து மச்சானும் கட்டுமரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"ஒன்று கேட்கலாமா?" என்றார் பேராசிரியர். "நான் இங்கே பிரசாரத்துக்கு வரவே இல்லை. எதற்காக எனக்குப் போட்டீர்கள்?"

எல்லாரும் பழத்தை உரிப்பதில் கவனமாக இருந்தார்கள். கன்னியம்மாதான் வாயைத் திறந்தாள்.

"எங்க வூட்டாண்ட கடலு வருது சாரு. எங்களுக்கு எழுதிப் போடத் தெரியாது. உனக்குத் தெரியும்னு சொன்னாங்கோ. அதான் போட்டோம்."

அவள் அந்த நிமிடத்தில் கட்டிய பொய் அது. ஆனால் பேராசிரியர் எழுந்து கரைக்குப் போனார். இடிந்து கிடந்த அடித்தளங்களைப் பார்த்தார். எங்கள் சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"பல்கலைக்கழகத்துக்கு எதிரே நாங்கள் உலாவுகிற மணல் உங்களுடையது" என்றார். "எனக்கு ஒரு தாள் கொடுங்கள்."

மனு

அதிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார். இரண்டு பஸ் மாறி வருவார். எங்கள் வீட்டில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மனு எழுதுவார். சுவரிலிருந்து அலைவரை கயிறு பிடித்து நான் அளந்து சொல்வேன். அந்த அடியை மனுவில் குறிப்பார். கையெழுத்துக்குக் கீழே ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுவார்: 'மேற்படி குப்பத்து வாக்காளர்களின் பெரும்பான்மை வாக்குகளைப் பெற்ற வேட்பாளர்.'

அந்த வரிக்கு மதிப்பு இருந்தது. நாங்கள் எத்தனையோ தடவை விரல் ரேகை வைத்து அனுப்பியதற்குப் பதிலே வந்ததில்லை. அவருக்குப் பதில் வந்தது. பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. பிறகு, தீவிரப் பரிசீலனையில் உள்ளது என்று வந்தது.

முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது என்று அடி குறைந்தது. நடுவில் உங்கள் அக்கா பிறந்தாள். அவர் அவளுக்கும் ஆரஞ்சு வாங்கி வந்தார். பல் முளைக்காத பிள்ளைக்குத் தர முடியாது என்றதும், முளைக்கிறவரை வைத்திருங்கள் என்றார்.

ஒரு வாரம், பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நாற்பது வருடம் பாடம் நடத்தினேன். நான் சொன்னதை ஒப்புக்கொண்டு கை தூக்கியவர்கள் நீங்கள்தான்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானிடம் சொன்னேன்.

"வாய மூடிகினு இரு மாப்ள" என்றார். "அந்தாளு ஒரு எழுத்து தப்பா இருந்தாலே தாளைக் கிழிக்கிற ஆளு. தெரிஞ்சா அந்த வரிய எடுத்துடுவாரு. வரி பூட்டா கல்லு வராது. கல்லு வந்தப்பறம் சொல்லு."

அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சொன்னா வூடு பூடும். சொல்லாங்காட்டி நீ துன்ன மாட்ட. எதுன்னு நீயே பாத்துக்கோ" என்றாள்.

அடுத்த ஞாயிறு, அவர் கையெழுத்துப் போட்டு அந்த வரியையும் எழுதி முடித்த பிறகு, சொல்லிவிட்டேன். தார்க் குறியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் மூன்று கேள்வி கேட்டார்.

"உங்கள் பலகையில் படகுக்குக் கீழே கடல் இருந்ததா?"

"இருந்தது சார்."

"சீட்டில் இருந்ததா?"

"இல்ல சார்."

"இரண்டும் ஒன்று என்று நினைத்தீர்களா?"

"ஆமா சார்."

அவர் தாளை எடுத்து அந்த வரியை அடித்தார். ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். "இது பாதி உண்மைதான். இனி இதைப் போட முடியாது" என்றார். உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"சவரிமுத்துவைக் கூப்பிடுங்கள்" என்றார்.

மச்சான் வந்து வாசலிலேயே நின்றார். "இன்னா சார், கேசு கீசு போடப் போறியா?"

"கையெழுத்துப் போடுங்கள்."

மச்சான் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டுப் போட்டார். பேராசிரியர் தன் கையெழுத்துக்குக் கீழே 'மேற்படி குப்பத்து வாக்குகளைப் பெற்றவர்' என்று எழுதினார். மச்சான் கையெழுத்துக்குக் கீழே 'மேற்படி வாக்குகளைப் பெற்றிருக்க வேண்டியவர்' என்று எழுதினார். இரண்டையும் ஒரு முறை படித்துப் பார்த்தார்.

"இப்போது சரியாக இருக்கிறது. இன்றைக்கு எத்தனை அடி?"

"பதினொண்ணு சார்."

விளக்கம் கேட்டு வந்தவர்

அத்தனை மனுவுக்கும் வராத அதிகாரி, அந்த மனு போன பத்தாம் நாள் நேரிலேயே வந்தார். கடலைப் பார்க்க வரவில்லை. விளக்கம் கேட்க வந்தார். பெற்றவர் யார், பெற்றிருக்க வேண்டியவர் யார், இது தேர்தல் புகாரா, கடல் புகாரா, எந்த ஃபைலில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எங்கள் சமையலறையில் பெஞ்சு இருந்ததால் அங்கே உட்கார வைத்தோம். அன்று பௌர்ணமி. காலை ஒன்பது மணி.

"இதில் எது உங்கள் புகார்?" என்று மச்சானைக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அப்படி எழுத முடியாது."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்கதவு வழியாகத் தண்ணீர் வந்தது. அவசரப்படாமல் வந்து, அவருடைய ஷூவை மூடிவிட்டு, அடுப்பு வரைக்கும் போய்த் திரும்பியது. உங்கள் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு கையால் அரிசிப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்தாள்.

"ஷூவ மொதல்லயே கயட்டி மேல வச்சிருக்கலாம் சார். அமாவாசை, பௌர்ணமின்னா இந்நேரத்துக்கு வரும்" என்றாள்.

அதிகாரி இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஃபைலை மடியில் விரித்து ஒரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கடல்' என்று எழுதியிருந்தார்.

அடுத்த பௌர்ணமிக்குள் லாரிகள் வந்தன. முதல் லாரிக் கல்லை எங்கள் சமையலறைக்குப் பின்னால் கொட்டினார்கள். வீடே ஆடியது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் அக்கா அலறி எழுந்தாள். நான் தூக்கப் போனேன்.

"கொஞ்சம் அழட்டும்" என்றாள் அம்மா. அவள் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, அடுத்த லாரி கொட்டப் போகிற சத்தத்துக்காகக் காத்து நின்றாள்.